முதல் சாட்சி யார்?

உயிர்த்தெழுதலை நான்கு சுவிசேஷமும் நான்கு விதமாச் சொல்லுது. கல்லறைக்குப் போனவர்கள் மாற்கில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இருவர், யோவானில் பெயர் சொல்லப்படுபவள் மகதலேனா மரியாள் ஒருத்தி. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே தாத்தியான் நான்கையும் ஒன்றாகத் தைத்தார். போதகர்கள் இன்னும் தைக்கிறார்கள். எதுக்கு இந்தத் தையல்னு கேக்கிறேன். சாட்சிகள் வார்த்தை ஒத்துப்போகலைன்னா பொய் என்பது நீதிமன்றக் கணக்கு. அந்தக் கணக்கில் தோற்ற வழக்குகள் சேரிக்குத் தெரியும். நான்கிலும் மாறாதது ஒன்று: வெறுங்கல்லறையை முதலில் கண்டது பெண்தான். அவர்கள் சொன்னதை வீண்பேச்சுன்னு சீடர்கள் தள்ளினதை லூக்காவே எழுதுகிறார். பவுல் கொரிந்தியருக்குத் தந்த சாட்சிப் பட்டியலில் பெண் பேரே கிடையாது. திருச்சபை முதலில் அவள் சாட்சியை ஏற்கட்டும்; தூதர் ஒருவரா இருவரான்னு பிறகு எண்ணலாம்.