வீங்கினால் குதிரையைக் கேளுங்கள்

இந்த வாரம் எனக்குக் கோபம். குடிநீர்க் குழாய், பேருந்து நிலையக் கழிப்பறை என்று வாசகர்களுக்குப் பழகிப்போன கோபங்கள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு வேறு வாரம் வரும். இது தடுப்பூசிக் கோபம்.

புதன்கிழமை, எங்கள் தெரு அங்கன்வாடியில் ஊசி நாள். நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடு வந்து, ஐந்து வயது டிபிடி ஊசி பாக்கியுள்ள பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, வராத வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. வாயும் திறந்தது.

“ஒன்றரை வயசுல போட்டப்பவே ராத்திரி பூரா காய்ச்சலுங்க. தொடையெல்லாம் கட்டிக்கிச்சு. புள்ள நல்லாத்தான இருக்கான், எதுக்குத் திரும்பவும்?”

“ரெண்டு நாள்ல சரியாயிருச்சில்லம்மா? மாத்திரை குடுத்துட்டுத்தானே போனேன்” என்றார் நர்ஸம்மா.

அந்தத் தாயின் மேல் எனக்கு வருத்தமில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர் அவர். என் கோபமெல்லாம் கைப்பேசியோடு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான். “தொண்டை அடைப்பானெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு? எல்லாம் கம்பெனிக்காரன் வேலை!” என்று தீர்ப்பு எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கே இருக்கிறது? டிபிடி தடுக்கும் அந்தத் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, 2016இல் மலப்புரத்தில் இருந்தது. அங்கே படுத்தவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமல்ல. பள்ளி வயதைத் தாண்டியவர்களும் பலர். 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியை ஒழுங்காகப் போட்டுவிடுகிறோம். ஒன்றரை வயது ஊசிக்கும் பெரும்பாலும் போய்விடுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததும் ஊசிக் கணக்கை மூடிவிடுகிறோம். ஐந்து வயது டிபிடியும், 10, 16 வயதுகளில் போட வேண்டிய டிடியும் அப்படியே நின்றுபோகின்றன. முதலில் போட்டதன் பலமோ வருடம் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் திரும்பவும்.

நியாயமாக நான் இங்கிருந்து தடுப்பூசிப் புள்ளிவிவரங்களுக்குள் போக வேண்டும். ஆனால் மனசு அந்தக் ‘கட்டிக்கிச்சு’ என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அந்த வீக்கத்துக்கு ஒரு குதிரைக் கதை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1890இல் பெர்லினில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் ஒன்றைக் கண்டார்கள். கிருமியின் விஷத்துக்குப் பழகிய விலங்கின் ரத்தத்தில் அந்த விஷத்தை முறிக்கும் பொருள் உருவாகிறது. 1894இல் பாரிஸில் ரூ என்பவர் இதற்குக் குதிரையைப் பிடித்தார். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, பிறகு ரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரிப்பது. அவர் சீரம் கொடுத்துப் பார்த்த மருத்துவமனையில் தொண்டை அடைப்பானோடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். சீரம் வந்ததும் அது கால்வாசியாகக் குறைந்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் 1901இல் பேரிங்குக்குப் போனது. குதிரைக்குக் கொள்ளு.

என் தீராத மனக்குறை இதுதான். 1925இல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, பனிச்சறுக்கு வண்டி நாய்கள் மாறி மாறி ஓடி மருந்தைக் கொண்டுசேர்த்தன. கடைசி ஓட்டத்தில் வந்த பால்டோவுக்கு அந்த ஆண்டே நியூயார்க் பூங்காவில் சிலை. பிற்பாடு சினிமாவும் வந்தது. கடைசி ஓவரில் வந்து ரன் அடித்தவனுக்கே ஆட்ட நாயகன் விருது! அந்தக் குப்பிகளில் இருந்தது குதிரையின் சீரம் என்று யார் பேசினார்கள்?

பெயர் தெரிந்த குதிரை ஒன்று உண்டு. அதுவும் கெட்ட பெயர். செயின்ட் லூயிஸ் நகரில் முன்பு வண்டி இழுத்த ஜிம். நகர சுகாதாரத் துறைக்காக லிட்டர் லிட்டராகச் சீரம் கொடுத்தது. 1901இல் அதற்கு ரணஜன்னி கண்டது. ஜிம்மைக் கொன்றுவிட்டார்கள், அதன் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் மட்டும் சோதனையில்லாமல் வெளியே போனது. 13 குழந்தைகள் இறந்தார்கள். குதிரை என்ன செய்யும்? பிழை சோதிக்காத மனிதர்களுடையது. மறு வருடமே சீரமும் தடுப்பூசியும் செய்பவர்கள் உரிமம் வாங்கியாக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

உரிமம் என்றதும் குன்னூர் ஞாபகம் வருகிறது. என் குன்னூர்ப் புலம்பல் வாசகர்களுக்கு மனப்பாடம் என்றாலும் நான்கு வரி பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே டிபிடி தயாரித்துக் கொடுத்த பாஸ்டர் நிலையம், கிண்டி பிசிஜி ஆய்வகம், கசௌலி ஆராய்ச்சி நிலையம் மூன்றின் உரிமத்தையும் தயாரிப்புத் தரம் சரியில்லை என்று 2008இல் நிறுத்திவைத்தார்கள். 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. தரம் வேண்டாம் என்று ஜிம்மின் கதை தெரிந்த நான் சொல்வேனா? பழுது பார்க்க வேண்டிய வீட்டை ஏன் பூட்டினீர்கள் என்றுதான் கேட்கிறேன். ‘எல்லாம் கம்பெனிக்காரன் வேலை’ என்பவர், அரசாங்கத்தின் சொந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தபோது எங்கே போயிருந்தார்?

சரி, வீக்கத்துக்கு வருகிறேன். பிரான்சில் ரமோன் என்று ஒரு கால்நடை மருத்துவர். விஷத்தை ஃபார்மலின் கலந்து சாதுவாக்கி, 1923இல் தடுப்பூசிக்கு வழி திறந்தவர். நூறு தடவைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காதவர். குதிரைகளோடு பழகிய தோஷம் போலிருக்கிறது. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளே மற்றவற்றைவிட வீரியமான சீரம் தருவதை அவர் கவனித்தார். சீழ் வேண்டாம், எரிச்சல் மட்டும் போதும் என்று மருந்தோடு என்னென்னவோ கலந்து பார்த்தார்: ரொட்டித் தூள், அப்புறம் மரவள்ளி மாவு! ஆமாம், எங்கள் சேலத்தில் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாக உருளும் அதே சமாச்சாரம். பலித்தது. 1926இல் இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் படிகாரத்தைச் சேர்த்தார். இன்னும் நன்றாகப் பலித்தது. முடிதிருத்தும் கடையில் கன்னத்தில் தேய்க்கும் படிகாரம்தான். அதன் உறவான அலுமினிய உப்பு இன்றும் டிபிடி குப்பியில் இருக்கிறது. மருந்து ஊசி இறங்கிய இடத்திலேயே தங்கி, உடம்பின் காவல்காரர்களைக் கூவி அழைக்க அது உதவுகிறது. அந்தக் கூட்டம் கூடுவதும் சேர்ந்துதான் தொடை கட்டுகிறது. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அதே ஊசியிலுள்ள கக்குவான் மருந்து.

வீங்காத பிள்ளைக்கு மருந்து பலிக்கவில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். வீங்கிய பிள்ளைக்குக் கெடுதல் நடந்துவிட்டதென்றும் பயப்பட வேண்டாம்.

ஊசியைத் தவறவிட்டுத் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்துவிட்டால், விஷத்தை முறிக்க இன்றைக்கும் குதிரைச் சீரம்தான். அதையும் சீக்கிரம் ஏற்ற வேண்டும். திசுக்களுக்குள் புகுந்துவிட்ட விஷத்தை அது திரும்ப எடுக்காது. தடுப்பூசி ஜெயித்த ஊர்களில் சீரத்துக்குத் தேவை குறைந்தது, தயாரிப்பவர்களும் குறைந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டு ஐயா, ஐந்து வயது ஊசி வேண்டாமென்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதும் முன், குதிரை எந்த ஊர் லாயத்தில் நிற்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.