புழுதிக் குளியலும் கூண்டுத் தூசும் ஒன்றல்ல

புழக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றிய பயிற்சிப் பேச்சுகளிலும் வேளாண் பத்திகளிலும் பல ஆண்டுகளாக மாறாமல் ஒலித்துவரும் கூற்று ஒன்று உண்டு. புழுதியில் புரண்டு வளரும் பறவைக்குப் புழுதியால் கேடு வராது. ஆகவே கூளம், அதாவது எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கூண்டின் தரையில் பரப்பப்படும் உமியோ மரத்தூளோ, எவ்வளவு காய்ந்து பொடியாகிறதோ அவ்வளவு நல்லது என்பதே அது. இதைச் சொல்பவர்கள் இரவில் கூண்டருகே நின்று கோழியின் மூச்சுக்கு ஒருமுறையேனும் காது கொடுத்திருக்க முடியாது.

கோழி புழுதியில் குளிப்பது உண்மையே. இறகில் தேங்கிப் பழசான எண்ணெய்ப் பசையை நீக்குவதற்காக, ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை, அரை மணிக்கும் குறைவான நேரம் அது மண்ணில் புரள்கிறது. திறந்த வெளியில் எழும் புழுதியைக் காற்று உடனே கொண்டுபோய்விடுகிறது. கூண்டுக்குள் மிதப்பதோ மண்ணன்று. காய்ந்த எச்சம், இறகுச் செதில், தீவனப் பொடி, பூஞ்சை வித்து ஆகியவற்றின் கலவை. அதை அடைபட்ட பறவை இரவு முழுவதும் இழுக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவதற்கும், ஆற்றில் நாளும் குளிப்பவருக்கு நீருக்குள் மூச்சு முட்டாது என்று வாதிடுவதற்கும் வேறுபாடில்லை.

இந்தக் கூற்றை அடியோடு தகர்ப்பது கோழியின் உடலமைப்பே. பாலூட்டியின் நுரையீரல் விரிந்து சுருங்குவது. கோழியின் நுரையீரலோ விலா எலும்புகளோடு ஒட்டி ஏறத்தாழ அசைவற்றுக் கிடப்பது. மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சை இழுக்கும் தசைத்தட்டான உதரவிதானம் அதற்கு இல்லை. உடற்குழியில் பரவியுள்ள மெல்லிய காற்றுப்பைகளே துருத்திபோல் காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. உள்ளே வரும் புதுக்காற்றின் பெரும்பகுதி முதலில் பின்புறப் பைகளுக்குச் சென்று, அதன் பிறகே நுரையீரலைக் கடக்கிறது. ஆகவே மூக்கும் மூச்சுக்குழலும் பிடிக்கத் தவறிய நுண்துகள்கள், அதாவது ஏறத்தாழ 5 மைக்ரானுக்கும் சிறியவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இந்தப் பைகள் வரை போய்ப் படிகின்றன. மூச்சுப்பாதையில் தற்காப்பு மிகக் குறைந்த இடமும் இதுவே: இரத்தக்குழாய்கள் அரிது, தூசைத் துடைத்து வெளியே தள்ளும் பிசிர்களும் அரிது, மனித நுரையீரலில் எப்போதும் காவல் நின்று துகளை விழுங்கும் உயிரணுக்கள் கோழியில் மிகச் சொற்பம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்னும் பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவே உடையது. நனைந்து பூசணம் பிடித்துப் பின்னர் உலர்ந்த உமியைக் கிளறும்போது அது புகைபோல் எழுகிறது. வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்து மாண்ட குஞ்சுகளை அறுத்துப் பார்த்தால், நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் மஞ்சள் முடிச்சுகள் தென்படுகின்றன. அவற்றைக் கொன்ற கூளமும் காய்ந்த கூளம்தான்.

தும்மலுக்குக் காரணம் கிருமியேயன்றித் தூசு அன்று என்பது அடுத்த வாதம். கிருமி ஏறிவரும் வாகனமே தூசு என்பதால் அது நிற்கவில்லை. ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா என்னும் காரவாயு கண்ணையும் மூச்சுக்குழலின் பிசிர்களையும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈரத்துக்கு அஞ்சிப் பொடிக்குள் போவது மருந்தாகாது. கூளத்தில் 20 முதல் 30 விழுக்காடு ஈரம் இருப்பதே தகும். கைப்பிடியில் இறுக்கினால் இலேசாகச் சேர்ந்து, விட்டதும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி, சிறிதும் சேராமல் தூசாகப் பறந்தால் காய்ச்சல் மிகுதி.

முன்னோர் காலத்துக் கோழிக்கு இந்தத் தொல்லை இருந்ததா என்ற கேள்வியும் தவறாமல் எழுப்பப்படுகிறது. அந்தக் கோழி மரக்கிளையில் அடைந்தது; அல்லது எல்லாப் பக்கமும் காற்று நுழையும்படி மூங்கில் சிம்பால் பின்னிய பஞ்சாரத்தின் அடியில் கிடந்தது. தகரத்தால் அடைத்த கூண்டுக்குள் அரவை மில் தூளின் மேல் அது உறங்கவில்லை.