இரண்டாம் முறை யாராக ஆடுவது?

ஆடி முடித்த கணினி விளையாட்டொன்றை மறுபடியும் முதலிலிருந்து ஆடுவது வீண்வேலை என்று கருதுவோர் பலர். முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை இருக்க முடியும் என்பது அவர்களது கேள்வி. இராவணன் வீழ்வான் என்று தெரிந்துகொண்டே விடியவிடியக் கூத்துப் பார்த்த சமூகத்தில் இக்கேள்வி எழுந்திருக்கக் கூடாது. ஆயினும் எழுகிறது. ஆகவே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

நான் பேச வருவது எல்லா விளையாட்டுகளையும் பற்றியல்ல. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றி மட்டுமே. 1974இல் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு மூலம். தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, நண்பர்கள் கூடியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடிய மேசை விளையாட்டு அது. பின்னர் கணினி அதனைத் தனதாக்கிக்கொண்டது. 1997இல் 'ஃபோல்அவுட்', 1998இல் 'பால்டர்ஸ் கேட்' ஆகியன வெளிவந்தபோது, கதையின் போக்கை ஆடுபவனே தீர்மானிக்கும் கலையாக இது முதிர்ந்துவிட்டிருந்தது.

இவ்விளையாட்டுகளை ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி அமைந்துவிடுகிறது. சிலர் வாளை உருவிக்கொண்டு நேரே போவர். சிலர் மந்திரவாதியாவர். சிலர் இருளில் பதுங்கிப் பூட்டுத் திறக்கும் கள்வராவர். 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' பற்றி உலகெங்கும் ஒரு பகிடி உண்டு. எந்த வேடத்தில் தொடங்கினாலும், சில மணித்தியாலங்களில் ஆடுபவர் மறைந்திருந்து அம்பெய்யும் வில்லாளியாகிவிடுவார் என்பதே அது. வாலி வதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. பலன் தரும் வழியொன்றைக் கண்டுகொண்ட மனிதன் அதனை விட்டு இலேசில் நகர்வதில்லை.

எனது பாணி பேச்சு. ஆயுதத்தில் புள்ளிகளைச் செலவிடாமல் நாவன்மையில் செலவிடுவேன். சந்திப்போர் எல்லோரிடமும் எல்லாக் கேள்விகளையும் கேட்பேன். தொழில் தந்த பழக்கம். 'ஃபோல்அவுட்' விளையாட்டின் இறுதி எதிரி, மனிதரை உருமாற்றிப் புதியதோர் இனத்தைப் படைக்க முனைபவன். அவனைச் சுட்டும் வெல்லலாம். ஆனால் அப்புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்ற ஆய்வுச் சான்றைத் தேடியெடுத்து அவன் முன் வைத்தால், தன் இலட்சியம் பொய்த்ததை உணர்ந்து அவனே தன்னை அழித்துக்கொள்வான். ஓர் ஆவணத்தால் கொடுங்கோலனை வீழ்த்த இடம்தரும் விளையாட்டு பத்திரிகைக்காரனுக்குப் பிடிக்காமற் போகுமா? வெளியுலகில் நாங்கள் செய்ய முயன்று பெரும்பாலும் முடியாமற் போன காரியமல்லவா அது!

விருப்பமான பாணியிலேயே மீண்டும் மீண்டும் ஆடுவதை நான் இழிவாகக் கருதவில்லை. அதில் ஓர் ஆறுதல் உண்டு. நமது நாட்டில் அதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவரை ஏறியது. 60 டொலர் விலைகொண்ட விளையாட்டொன்று 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாயிற்று. நான் வசிக்கும் ஹெவ்லொக் டவுனிலும் பக்கத்து வெள்ளவத்தையிலும் உள்ள நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புதியது வாங்குவது எட்டாக்கனியானது. பழையதையே மறுபடி ஆடினார்கள். அதையும் மார்ச் 31ஆம் திகதி அறிவிக்கப்பட்ட 13 மணித்தியால மின்வெட்டுப் போன்ற இடர்களுக்கிடையே, கிடைத்த நேரத்தில் ஆடினார்கள்.

ஆனால் எல்லா விளையாட்டுகளும் மறுபடி ஆடத் தகுந்தவையா? இல்லை என்பதே என் கருத்து. 'ஸ்கைரிம்' அழகான விளையாட்டு. எனினும் அதில் ஒரே ஆள் மந்திரக் கல்லூரிக்கும் தலைவனாகலாம், கள்வர் சங்கத்துக்கும் தலைவனாகலாம், கொலைஞர் கூட்டத்துக்கும் தலைவனாகலாம். ஒரே பிறவியில் அனைத்தையும் அடைந்தவனுக்கு மறுபிறவி எதற்கு? அதே நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'மொரோவிண்ட்' அவ்வாறல்ல. அதில் மூன்று பெருங்குடிகள் உள்ளன. ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவுகளும் அடைபடும். அந்த அடைபட்ட கதவுகள்தாம் நம்மைத் திரும்ப அழைக்கின்றன. எத்தனை முடிவுகள் உள்ளன என்பதல்ல, ஒரு தெரிவுக்காக எதனை இழக்கிறோம் என்பதே ஒரு விளையாட்டின் மறுஆட்டப் பெறுமதி.

இதற்கு நானறிந்த தலைசிறந்த உதாரணம், போலந்தின் 'சிடி புரொஜெக்ட் ரெட்' நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'த விட்சர் 2'. முதலாம் அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகன் ஜெரால்ட் இருவரில் ஒருவருடன் போயாக வேண்டும். ஒருவன் வெர்னன் ரோச். அரசின் விசேட படைப்பிரிவொன்றின் தளபதி. மற்றவன் யோர்வெத், மனிதரால் ஒடுக்கப்பட்ட எல்ஃப் இனத்தின் கெரில்லாத் தலைவன். அரசுகளுக்கு அவன் பயங்கரவாதி. தன் மக்களில் பலருக்கு விடுதலைப் போராளி. இருவரது கைகளிலும் பொதுமக்களின் இரத்தம் உண்டு.

இத்தெரிவின் பின் இரண்டாம் அத்தியாயத்தின் பெரும்பகுதி மாறிவிடுகிறது. யோர்வெத்துடன் போனால், முற்றுகைக்கு அஞ்சியிருக்கும் வெர்கன் நகருக்குள் இருப்பீர்கள். ரோச்சுடன் போனால், அந்நகரைத் தாக்க வந்த மன்னனின் பாசறையில் இருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே, முன்னைய போரொன்றில் மாண்ட வீரரின் ஆவிகள் ஓயாது பொருதும் மூடுபனி.

முதன்முறை நான் யாருடன் போனேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ் வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பல மாதங்களின் பின் மனமின்றியே ரோச்சுடன் போனேன். முன்னர் நகர மதிலிலிருந்து பகைப்படை என்று மட்டும் தெரிந்த கூட்டத்துக்குள் இப்போது நடமாடினேன். கைச்சண்டையிலும் பகடையிலும் பொழுது போக்கும் சிப்பாய்கள் இருந்தார்கள். தம் மன்னனுக்கெதிராகவே இரகசியமாகக் கூடும் படையினர் இருந்தார்கள். மன்னன் மீதான என் வெறுப்பு குறையவில்லை, கூடியது. ஆனால் பாசறை முழுவதையும் ஒரே முகமாகக் காண்பது அதன்பின் இயலாமற் போயிற்று.

போர்க்காலத்தில் கொழும்பில் பத்திரிகை வாசித்தவர்களுக்கு இது புதிதன்று. முதல் நாள் நடந்த ஒரே சம்பவம் மறுநாட் காலையில் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளில் மூன்று சம்பவங்களாக வெளிவந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஒரு மொழிப் பத்திரிகையை மட்டும் வாசித்தவர், 'த விட்சர் 2'ஐ ஒருமுறை மட்டும் ஆடி முடித்தவரைப் போன்றவர். அவர் அறிந்தது பொய்யல்ல, பாதி.

மறுபக்கத்தைக் கேட்பதென்றால் இரு பக்கமும் சமமென்று தீர்ப்பெழுதுவதல்லவா என்று சிலர் சினக்கக்கூடும். அல்ல. பாசறைக்குள் இருந்து பார்த்த பின்னும் முற்றுகை முற்றுகைதான். உள்ளே அகப்பட்டவர்களின் நியாயம் அதனால் தேய்ந்துவிடாது. முன்பு இனப்பற்றால் நம்பியதைப் பின்பு ஆராய்ந்தறிந்து சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாடு சிறியதல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு. வாழ்க்கையில் திரும்ப ஆட முடியாது. இவ்விளையாட்டுகள் எதையும் அழித்து எழுதலாம் என்ற பொய்யை இளைஞர்களுக்குக் கற்பிக்கின்றன என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பழைய சேமிப்பைத் திறந்து, பிடிக்காத விளைவையெல்லாம் நொடியில் துடைத்துவிடுபவருக்கு இது பொருந்தும். ஆனால் இக்குறையை உணர்ந்த படைப்பாளிகளும் இருக்கிறார்கள். டோபி ஃபொக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டில் எல்லோரையும் கொன்று முடித்துவிட்டு, மறுமுறை நல்லவராக ஆடினாலும், களங்கமற்ற முடிவு கிட்டாது. முன்பு செய்ததை அவ்விளையாட்டு நினைவில் வைத்திருக்கும்.

இந்தியப் பின்புலத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. 'பைரோடாக்டைல்' என்ற இந்தியக் குழு 2014இல் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்', பஞ்சம் பீடித்த பண்டைய இந்திய நகரொன்றைக் களமாகக் கொண்டது. ஒரே ஆட்டத்தில் குடியானவப் பெண், இளவரசி எனப் பலராக நம்மை நடக்கவைக்கிறது. ஒருவர் இறந்தாலும் கதை மற்றவர்களுடன் தொடர்கிறது. வாளெடுப்பதைவிடப் பேசுவதே அதில் அதிகம். என் பாணிக்காரருக்கு உகந்தது.

நம் மண்ணின் கலைஞர்களுக்கும் இவ்வித்தை அந்நியமல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்' இராமகதையை இராவணனின் பக்கம் நின்று கண்டது. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் அதே நாடகத்தைப் புதுக்கிப் புதுக்கி மேடையேற்றினார். முடிவு மாறவில்லை, பார்வை மாறியது.

ஆகவே மறுபடி ஆட விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வாளை வைத்துவிட்டு வில்லை எடுப்பது மறுஆட்டமாகாது. அது ஆயுத மாற்றம். யாருடைய சொல்லை முதன்முறை கேட்க மறுத்தீர்களோ, அவருடன் இம்முறை புறப்படுங்கள். இடையில் பழைய சேமிப்பைத் திறக்காதீர்கள். மற்ற வழியை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். பார்ப்பவர் எதற்கும் பொறுப்பாளியல்ல, ஆடுபவரே பொறுப்பாளி.

நமது நாட்டின் முப்பதாண்டுப் போரை இவ்வாறு இரு பக்கமும் நின்று ஆடவைக்கும் விளையாட்டொன்றை நான் இதுவரை ஆடவில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இன்று இதே நகரில் ஒரே விளையாட்டுகளைத்தான் ஆடுகிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து அதனை உருவாக்குவார்களாயின், நான் முதன்முறை நமது பக்கமே நிற்பேன். ஆனால் இரண்டாம் முறையும் கட்டாயம் ஆடுவேன்.