பழைய பொம்பா வண்டியும் பரணிலிருக்கும் பித்தளையும்



உழைத்து ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு விற்க மனம் வராமல், கடைசிவரை தீனி போட்டுக் காப்பாற்றிய பெரியவர்களை நீங்கள் அறிவீர்கள். இயந்திரத்திடமும் அப்படிப் பாசம் வைக்கும் மனிதர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? பழைய தீயணைப்பு வண்டிகளை, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் பொம்பா வண்டிகளை, தேடிப் பிடித்து, பழுது பார்த்து, சிவப்புச் சாயம் பூசி, மறுபடி ஓட வைப்பதையே தொண்டாகக் கொண்ட சங்கங்கள் உலகில் இருக்கின்றன. அவர்களிடமிருந்து தோட்டத்து மக்களாகிய நாம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருப்பதால்தான் இம்முறை அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஓர் அம்மையார் தம் கணவருக்கு என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா? 1924-இல் செய்யப்பட்ட ஒரு தீயணைப்பு வண்டி! கணவரின் பெயர் ஜார்ஜ் கெட்ஸ். ஒரு வண்டியோடு அவர் ஆசை அடங்கவில்லை. ஒன்று பலவாகி, 1961-இல் காட்சிசாலையாயிற்று. 1974-இல் அது அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகருக்கு இடம் மாறியது. அதே அமெரிக்காவில் 1958-இல், பழைய மோட்டார் தீயணைப்பு வண்டிகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. பிரிட்டனிலும் 1968-இல் இதே நோக்கத்தோடு ஒரு குழு அமைந்தது.

“அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, ஐயா” என்று சொல்லிவிடாதீர்கள். டில்லியிலுள்ள தேசிய ரயில் காட்சிசாலைக்குப் போனால், 1914-இல் இங்கிலாந்தில் ஜான் மோரிஸ் நிறுவனம் செய்த தீயணைப்பு வண்டியைக் காணலாம். ஐதராபாத் நிஜாமின் ரயில்வேக்காக வாங்கப்பட்டது அது. வேலை முடிந்ததும் உடைத்து இரும்பாக விற்றிருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனால் அதைக் காப்பாற்றி, பழைய மோட்டார் வண்டிகளின் ஊர்வலத்தில் ஓடவும் வைத்திருக்கிறார்கள்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. தீயணைப்பு வண்டியைக் கொட்டகையில் சும்மா நிறுத்தி வைத்தால் அது காப்பாற்றப்பட்டதாகாது. பம்பிலுள்ள தோல் வளையங்கள் ஈரமில்லாமல் காய்ந்து சுருங்கிவிடும். டயரும் ரப்பர்க் குழாயும் வெடித்துப் பிளக்கும். ஓடாத இயந்திரத்தில் துரு ஏறும். ஆகவே இத்தகைய வண்டியை வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அதைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய், நீரை உறிஞ்சிப் பீய்ச்சியடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. பட்டறையில் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டும். பித்தளை மணியையும் குழாய் முனையையும் பளபளவென்று துலக்கி வைக்க வேண்டும். கார்த்திகைக்கு முன் நம் வீட்டுப் பெண்கள் புளி போட்டுக் குத்துவிளக்குத் துலக்குவதில்லையா? அதே கவனம்தான்.

இந்த வண்டிகளில் நமக்கும் பங்கு உண்டு, வாசகர்களே. அந்நாளைய தீயணைப்பு வண்டிகளின் சக்கரங்களில் கெட்டி ரப்பர் பொருத்தியிருந்தார்கள். கித்தான் குழாயில் தண்ணீர் கசியாமலிருக்க அதன் உட்புறத்தில் ரப்பர் வைத்தார்கள். அக்காலத்தில் உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து கப்பலேறியது. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய நம் பாட்டன் பாட்டிமார் சேர்த்த பால், எந்தச் சீமையில் யார் வீட்டு நெருப்பை அணைத்ததோ, யார் கண்டது!

நம் சிலாங்கூரில் தீயணைப்பே தொண்டர்களால்தான் தொடங்கியது. 1881 ஜனவரியில் மூண்ட தீயில், அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த கோலாலம்பூர் எரிந்து சாம்பலாயிற்று. 1883-இல் பெல்லமி என்பவர் தலைமையில் 15 பேர் கொண்ட சிலாங்கூர் தொண்டர் தீயணைப்புப் படை அமைந்தது. ‘பொம்பா’ என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. நீர் இறைக்கும் பம்பு என்று பொருள். இச்சேவை 1976-இல் மத்திய அரசின் கீழ் வந்தது. 1997-இல் தீயணைப்பு மீட்புத் துறை என்று பெயர் பெற்றது. அதன் வீரர்களைப் பயிற்றும் கழகம் நம் வட சிலாங்கூரிலேயே, கோலகுபு பாருவில் இருக்கிறது.

ஆனால் அந்நாளில் பட்டணத்துப் பொம்பா வண்டி செம்மண் சாலையில் குலுங்கித் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ரப்பர் தகடுகளை விறகுப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். தொங்கும் தகட்டில் ஒன்று நழுவிக் கீழே நெருப்பில் விழுந்தால் போதும், கூடமே பற்றிக்கொள்ளும். அப்போது ஓடி வந்து அணைத்தவர்கள் யார்? லயத்து மக்கள்தாம். சிவப்பு வாளி மணலும், தோளில் சுமந்த தண்ணீரும், அபாயம் சொல்லி அடித்த மணியுமே அவர்களுடைய பொம்பா.

அந்த வாளிகளும் மணிகளும் இன்று எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் பட்டணம் போனார்கள். எடைக்குப் போட்ட பழைய இரும்போடு நம் சரித்திரமும் லாரியேறிப் போய்விட்டது. துரை வாழ்ந்த பங்களாவின் படம் புத்தகங்களில் இருக்கிறது. மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பொம்பா வண்டி வாங்கி வைக்கும் வசதி நமக்கில்லை, அது தேவையுமில்லை. செய்யக் கூடியவை மூன்று. முதலாவது, பரணிலோ கோயில் கொட்டகையிலோ தோட்டத்துப் பழைய மணி, வாளி, பித்தளைக் குழாய் முனை எதுவும் கிடந்தால், எடைக்குப் போடுமுன் பள்ளித் தலைமையாசிரியரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு மூலையில் ஓர் அலமாரி போதும். இரண்டாவது, பொருளை வைப்பதோடு நில்லாமல், எந்தத் தோட்டத்தது, யார் கையாண்டது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத மணி வெறும் பித்தளைதான். இன்னும் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டிமாரைப் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதட்டும். அவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. நீர் இறைக்காத பம்பு காய்ந்துபோவது போல, பயிற்சியில்லாத குடும்பமும் ஆபத்து வேளையில் திகைத்து நிற்கும். சாமி விளக்கை எரியவிட்டு வீட்டைப் பூட்டிப் போகாதீர்கள். கேஸ் அடுப்பின் குழாயை அடிக்கடி பாருங்கள். தீ என்றால் 999 என்ற எண்ணை அழைத்து, ஊர், வீதி, வீட்டு எண் மூன்றையும் தடுமாறாமல் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்களேன்.

லயத்தில் ஒரு வீடு பற்றினால் எல்லா வீடும் எழுந்து ஓடியது. பட்டணத்து அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வாழப் பழகிவிட்ட நாம், காப்பாற்றி வைக்க வேண்டிய முதல் பழம்பொருள் அந்தக் குணம்தான்.

மீண்டும் சந்திப்போம்.