கெட்டுப்போன படம்

என் வாப்பா சவூதியில், றியாத் நகரில் சாரதியாக வேலை செய்கிறார். சென்ற ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஒருவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், தெருவோரம் வாகனத்தை நிறுத்தி ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். பழுப்பு மணல்வெளி, தூரத்தில் மூக்கை உயர்த்தி எழும்பும் ஒரு விமானம். ஆனால் அந்த விமானம் தண்ணீருக்குள் கிடக்கும் கரண்டி போல நெளிந்திருந்தது. சக்கரம் எது, நிலம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"இது கெட்டுப்போன படம், அழிச்சிடு" என்றார் படமெடுப்பதில் கெட்டிக்காரரான என் நானா. நான் அழிக்கவில்லை. அது கெட்டுப்போன படம் அல்ல என்பதே என் கட்சி.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் மணலை ஒட்டிய காற்று சூடாகி விரிந்து மேலெழும்புகிறது. சூடான காற்றுக்கும் மேலேயுள்ள காற்றுக்கும் முறிவுச் சுட்டி வேறு. இரண்டும் கலந்து குழம்பும்போது ஒளிக்கதிர் கணத்துக்குக் கணம் வளைகிறது. விலையுயர்ந்த நீண்ட வில்லை பூட்டினாலும் பயனில்லை. அது விமானத்தோடு கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆகவே தேர்ந்த படப்பிடிப்பாளர்கள் விடிகாலையிலோ குளிர்காலத்திலோதான் பாலைவனத்துக்குப் போகிறார்கள். நாட்காட்டிகளில் நாம் பார்க்கும் பாலைவன விமானங்கள் அப்படிப் பளிச்சென்று இருப்பது இதனால்தான். அவற்றைப் பார்த்தால் பாலைவனம் குளிரான இடமோ என்றே தோன்றும்! விமானத்தின் பதிவிலக்கத்தை வாசிக்க விரும்புகிறவர்களுக்குத் தெளிவான படம் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை.

வெப்பம் விமானத்தையும் சும்மா விடுவதில்லை. நம் ஊர் 27 பாகை செல்சியஸ் என்றால் 300 கெல்வின்; அங்கே 47 பாகை என்றால் 320 கெல்வின். ஒரே அமுக்கத்தில் காற்றின் அடர்த்தி பதினாறில் ஒரு பங்கு குறைந்துவிடும். றியாத்தின் மன்னர் காலித் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேலே இருப்பதால் இன்னும் சற்றுக் குறையும். சிறகைத் தூக்கும் காற்றும் மெலிவு, என்ஜினுக்குள் போகும் காற்றும் மெலிவு. விமானம் அதிக தூரம் ஓடித்தான் எழும்ப வேண்டும்.

இரும்பே திணறும் அந்த வெயிலில் மனிதர்களும் நிற்கிறார்கள். பெட்டிகளை ஏற்றுகிறார்கள், எரிபொருள் நிரப்புகிறார்கள், தெரு போடுகிறார்கள். நம் ஊர்களிலிருந்து போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடை உண்டு. நல்ல சட்டம். ஆனால் 3 மணி அடித்ததும் மணல் ஆறிவிடுமா?

வாப்பா எங்களிடம் ஒருநாளும் வெயிலைப் பற்றிச் சொன்னதில்லை. "சுகமா இருக்கேன் மகள், சாப்பிட்டுட்டேன்" என்பார். உடனே எங்கள் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார். அவர் மறைத்ததை அந்தப் படம் மறைக்கவில்லை. அது தெளிவாக வந்திருந்தால் எந்த நிறுவனத்தின் விமானம் என்பது எனக்குத் தெரிந்திருக்கும், வெயில் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "அப்ப ஒவ்வொரு வெள்ளியும் பகலைக்கே எடுத்து அனுப்பட்டா மகள்?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. என் கட்சி வெல்வதற்காக அவர் அந்த வெயிலில் இன்னொரு தடவை இறங்கி நிற்க வேண்டுமா? போதாததற்கு, 2015இல் புஜைரா விமான நிலையத்தருகே விமானம் பார்க்கப் போன மூன்று பிரித்தானியர் சுமார் இரண்டு மாதம் தடுத்துவைக்கப்பட்டிருந்த கதையையும் நானா சொல்லியிருந்தார்.

"வேணாம் வாப்பா, ஒண்டு காணும். நீங்க வாகனத்துக்குள்ளேயே இருங்க" என்றேன்.