அங்கீகாரம் லெட்டர்பேடில் இல்லை

"படிக்க வந்த இடத்தில் அம்பேத்கர் பெயரில் எதற்கு அமைப்பு?" என்று கேட்கிறார்கள். நாடகத்துக்கும் ரோபோவுக்கும் கிளப் இருக்கும்போது வராத கேள்வி இது.

2014 ஏப்ரல் 14 அன்று சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கியது. மறு ஆண்டு டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. மே மாதம் நிர்வாகம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடெங்கும் மாணவர்கள் போராடினார்கள். ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம்.

தோழர்களே, நிர்வாகத்தின் அங்கீகாரம் வேண்டும். அரங்கமும் நோட்டீஸ் போர்டும் நமக்கும் உரியவை. ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வரும் தம்பி தங்கையிடம் "உன் ரேங்க் என்ன, கோட்டாவா?" என்று கேட்கும் விடுதியில், அவர்கள் பக்கம் நிற்க ஆள் வேண்டும். ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்ப, புகார் எழுத, சேர்ந்து படிக்க ஆள் வேண்டும். நான்கு பேர் போதும். இந்த செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.