கடலையைத் தள்ளிவைத்த காலம்

டெல் அவிவ் நகரில் ஏறக்குறைய 200 மருத்துவர்கள் கூடியிருந்த அரங்கில், லண்டன் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் ஒரு கேள்வி கேட்டார். கடந்த ஓராண்டில் வேர்க்கடலை ஒவ்வாமையோடு வந்த குழந்தையைப் பார்த்தவர்கள் யார்? இரண்டு மூன்று கைகளே உயர்ந்தன. லண்டனில் கேட்டிருந்தால் அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கும்.

இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே குழந்தைகள் ‘பம்பா’ சப்பத் தொடங்கிவிடுகிறார்கள். வாயில் வைத்ததும் கரைந்துபோகும் கடலைத் தின்பண்டம் அது. பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் 3 வயதுவரை கடலையே வேண்டாம் என்று 1998-இல் அரசு அறிவுறுத்தியது. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அதையே சொன்னது.

இரு நாட்டு யூதக் குழந்தைகளையும் லாக் குழுவினர் ஒப்பிட்டனர். 2008-இல் வெளியான முடிவு: பிரிட்டனில் 1.85 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் 0.17 சதவீதம். பரம்பரையைக் காரணம் காட்ட வழியில்லை.

அடுத்து நேரடிச் சோதனை. கடுமையான கரப்பான் தோல்நோயோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதம்வரையிலான 640 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கடலை உணவு தொடர்ந்து தரப்பட்டது. மீதிப் பேருக்கு அறவே விலக்கப்பட்டது. 5 வயதில், விலக்கியவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். 2015-இல் இது வெளியானபோது, காக்கச் சொன்ன பத்தியமே கெடுத்திருக்கிறது என்பது தெரிந்தது.

காரணம் தோலில் இருக்கிறது என்கிறார் லாக். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் கடலைப் புரதம் கரப்பானால் வெடித்த தோல் வழியே நுழைந்தால், உடல் அதைப் பகையாகக் கருதுகிறது. அதே புரதம் முதலில் வயிற்றுக்குப் போனால் உணவென்று ஏற்றுக்கொள்கிறது.

தாய்ப்பாலுக்கு இதில் என்ன பங்கு? தொற்றுகளிலிருந்து அது காப்பது உறுதி. உணவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்குத்தான் தெளிவான சான்று இல்லை. ஆகவே குழந்தைக்கு ஒவ்வாமை வந்ததும் ‘பால் சரியாகக் கொடுக்கவில்லையா?’ என்று தாயைக் கேட்பது அநியாயம். கடலையை விலக்கும்படி மருத்துவர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்த தாய்மார்களே அன்று அதிகம் இழந்தார்கள்.

2017-இல் அமெரிக்க வழிகாட்டுதல் தலைகீழாக மாறியது. அதற்காக முழுக் கடலையைக் குழந்தை வாயில் போட்டுவிடக் கூடாது, மூச்சுக்குழலை அடைக்கும். அரைத்து, நீர்க்கக் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையென்றால், முதல் வாய் ஊட்டும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.